நிற்கும் இடம் எது? — வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘கடவுள் இல்லை என்று வாதிடுவதற்கே கடவுள் இருந்தாக வேண்டும்’ என்று ஒரு கிறிஸ்தவப் பேச்சாளர் கூறக் கேட்டேன். கேட்கச் சாமர்த்தியமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் வெறும் சொல் விளையாட்டோ என்று தோன்றுகிறது. இது உண்மையில் ஒரு வாதம்தானா?

பதில்: வாதம்தான். ஆனால் அவர் சொன்னது அதன் முடிவு மட்டுமே. வந்த வழியைக் காட்டாமல் முடிவை மட்டும் சொன்னால் எந்த வாதமும் சொல் விளையாட்டாகத்தான் ஒலிக்கும்.

விசுவாசத்துக்குக் காரணங்காட்டி அதை நிலைநாட்டும் துறையைக் கிறிஸ்தவ இறையியலில் தற்காப்பியல் என்பார்கள். அதன் பழைய வழி உலகத்திலிருந்து கடவுளை நோக்கிச் செல்வது. உலகில் இயக்கம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, ஆகவே இவற்றுக்கு முதற்காரணமான ஒருவர் இருக்க வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வாதிட்டது இந்த வழியில்தான். இதில் நம்புகிறவரும் நம்பாதவரும் பகுத்தறிவு என்னும் பொதுமேடையில் நின்று சான்றுகளைச் சீர்தூக்குகிறார்கள். அந்த மேடை உண்மையிலேயே பொதுவானதா என்று 20ஆம் நூற்றாண்டில் கேட்டவர் கொர்நீலியஸ் வான் டில். 1895இல் நெதர்லாந்தில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறி, 1929இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரியில் பல பத்தாண்டுகள் கற்பித்து, 1987இல் மறைந்தவர். நடுநிலையான மனம் என்று ஒன்று கிடையாது, எந்த அறிவும் ஏதோவொரு இறுதிப் பற்றுறுதியிலிருந்தே புறப்படுகிறது என்ற எண்ணத்தை அவர் ஆபிரகாம் கைப்பர் போன்ற டச்சு இறையியலாளர்களிடமிருந்து பெற்றார். அவர் வகுத்த வழியை முன்னனுமானத் தற்காப்பியல் என்று அழைக்கலாம்.

இந்த வாதம் ‘கடவுளுக்குச் சான்று என்ன?’ என்று தொடங்குவதில்லை. ‘சான்று என்று ஒன்று சான்றாக நிற்பதற்கு முன்பே எவையெல்லாம் உண்மையாக இருந்தாக வேண்டும்?’ என்று பின்னோக்கிக் கேட்கிறது. இந்த வகைக் கேள்வி வான் டிலின் கண்டுபிடிப்பு அன்று. ஒரே கூற்று ஒருங்கே உண்மையாகவும் பொய்யாகவும் இருக்க முடியாது என்னும் முரண்படாமை விதியை மறுப்பவன் பொருளுள்ள ஒரு சொல்லைச் சொன்ன அந்தக் கணமே அவ்விதியைப் பயன்படுத்திவிடுகிறான் என்று அரிஸ்டாட்டில் காட்டினார். அனுபவம் என்பது சாத்தியமாவதற்கு மனத்தில் எவை முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று 1781இல் ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் கேட்டார். வான் டில் அதே கேள்வியை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனார். தருக்க விதிகள் எங்கும் எப்போதும் செல்லும் என்றும், நேற்றுச் சுட்ட நெருப்பு நாளையும் சுடும் என்றும், உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றும் விவாதத்துக்கு வரும் எல்லோரும் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறோம். உலகைப் படைத்துத் தாங்கிவரும் திரியேக தேவன், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராயிருக்கும் ஒரே கடவுள், இருக்கிறார் என்றால் மட்டுமே இம்மூன்றும் காரணத்தோடு நிற்கும். ஆகவே மறுப்பவரும் அந்தத் தரையில் நின்றுகொண்டுதான் மறுக்கிறார் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

இதில் இரண்டு பாதிகள் உண்டு. நிரூபிக்கப்படாத ஏதோ ஒன்றின்மேல் எல்லோரும் நிற்கிறோம் என்பது முதற்பாதி. அதை மறுப்பது கடினம். இறைநம்பிக்கைக்குச் சிறிதும் துணைபோகாத ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹ்யூமே, இதுவரை நடந்ததிலிருந்து இனி நடப்பதை அனுமானிக்கும் வழக்கத்துக்குப் பகுத்தறிவு சார்ந்த அடிப்படை இல்லை என்று 18ஆம் நூற்றாண்டில் காட்டிவிட்டார். ‘இதுவரை அது பலித்திருக்கிறதே’ என்று பதில் சொன்னால், நிரூபிக்க வேண்டியதையே சான்றாகக் கொண்டுவருகிறோம். அந்தத் தரையாக இருக்கத்தக்கவர் கிறிஸ்தவம் சொல்லும் கடவுள் ஒருவரே என்பது இரண்டாம் பாதி. உண்மையான வேலை இருப்பது இங்கேதான். பல மேடைகளில் முதற்பாதியை நிறுவிவிட்டு, இரண்டாம் பாதியையும் நிறுவிவிட்டதுபோல் கைதட்டல் வாங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்ட பேச்சில் உங்களுக்கு ஏற்பட்ட உறுத்தல் அதனால் வந்ததாக இருக்கலாம்.

கேள்வி: வேதம் உண்மை என்பதற்கு வேதமே சாட்சி என்கிறார்கள். இது சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கும் வாதம் இல்லையா? இதை எந்தப் பள்ளி மாணவரும் பிழை என்று சொல்லிவிடுவாரே?

பதில்: பிழை என்று சொல்லும் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உன் நினைவாற்றல் நம்பத்தக்கது என்று உனக்கு எப்படித் தெரியும்? ‘பலமுறை சரிபார்த்திருக்கிறேன், சரியாகவே இருந்தது’ என்பார். சரிபார்த்ததும் சரியாக இருந்ததும் அவருக்கு நினைவிருப்பதால்தான் அப்படிச் சொல்கிறார்! நினைவை நினைவால் அன்றி வேறெதாலும் மொத்தமாகச் சோதிக்க முடியாது. பகுத்தறிவுக்கும் இதே கதிதான்; அதை நம்பலாம் என்று நிறுவும் எந்த வாதமும் பகுத்தறிவையே பயன்படுத்தியாக வேண்டும்.

இது மிகப் பழைய சிக்கல். அறிவைப் பெறும் வழியைப் பிரமாணம் என்று வடமொழி மரபும் அளவை என்று தமிழ் மரபும் அழைத்தன. மணிமேகலையில் வரும் அளவைவாதி பத்து அளவைகளை வரிசைப்படுத்துகிறான். பொருள்களை அளவையால் நிறுவுகிறீர்கள், அளவையை எதனால் நிறுவுவீர்கள் என்று கேட்டவர் பௌத்த ஆசிரியர் நாகார்ஜுனர். இன்னொரு அளவையால் என்றால் அது முடிவின்றி நீளும். எதனாலும் இல்லை என்றால் எல்லாம் அளவையால் நிறுவப்படும் என்ற கொள்கையே உடைந்துபோகும். கிரேக்க ஐயவாதிகளும் ஏறத்தாழ இதையே சொன்னார்கள். எந்த நியாயத்தையும் பின்தொடர்ந்து போனால் முடிவில்லாத தொடரிலோ, வட்டத்திலோ, காரணமின்றி நிறுத்திக்கொண்ட ஓரிடத்திலோதான் முடியும். நான்காவது வழியை இன்றுவரை எவரும் எல்லோரும் ஒப்பும்படி காட்டியதில்லை.

ஆகவே வான் டில் வெட்கப்படாமல், ‘ஆம், இறுதி அளவுகோலைப் பற்றிய எந்த வாதமும் வட்டமாகத்தான் இருக்கும்’ என்று ஒப்புக்கொண்டார். கிறிஸ்தவர் வேதத்தை இறுதி அளவுகோலாகக் கொண்டுவிட்டு, அதைவிட மேலான இன்னொன்றால் அதை நிறுவினால், அந்த இன்னொன்றே அவருக்கு உண்மையில் இறுதியானது என்றாகிவிடும் அல்லவா? இந்த அளவில் அவர் சொல்வது சரி என்றே கருதுகிறேன்.

ஆனால் ‘எல்லோர் வாதமும் வட்டம்தான்’ என்பதை மட்டும் கேடயமாகப் பிடித்துக்கொண்டால், அந்தக் கேடயம் எல்லோருக்கும் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் புத்தகத்தையும் எடுத்து ‘இதுவே என் அளவுகோல்’ என்று ஒருவர் சொன்னால் அவரை எப்படி மறுப்பது? வட்டங்களுக்குள்ளும் தரம் உண்டு என்று காட்டியாக வேண்டும். தன்னுள் முரண்படாமலும், நாம் விடமுடியாமல் பிடித்திருக்கும் நினைவையும் தருக்கத்தையும் கடமையையும் விளக்கும் வலிமையோடும் எந்த வட்டம் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக உள்ளே புகுந்து பார்க்க வேண்டும். நல்ல முன்னனுமானவாதிகள் இதைத்தான் செய்கிறார்கள்: எதிராளியின் உலகநோக்கை ஒரு பேச்சுக்காக ஏற்றுக்கொண்டு, அது தன் பாரத்தைத் தானே தாங்குகிறதா என்று சோதிக்கிறார்கள். இந்தச் சோதனையில் இருவருக்கும் பொதுவான ஏதோ ஒரு தருக்க உணர்வு முன்கூட்டியே இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பொதுமேடை இல்லை என்று வாசலில் எழுதிவைத்துவிட்டு, கொல்லைப்புறம் வழியாக அந்த மேடைக்கே வந்து சேர்வதாகவே எனக்குப் படுகிறது. வான் டில் சார்ந்த, கால்வின் வழிவந்த சீர்திருத்த இறையியலுக்குள்ளேயே பழைய வழியை விரும்புகிறவர்கள் அவர்மேல் வைக்கும் குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று.

கேள்வி: என் நெருங்கிய நண்பர் நாத்திகர், கணிதத்தில் என்னைவிடப் பலமடங்கு வல்லவர். ‘கடவுளை நம்பாதவனுக்கு எதுவும் தெரியாது’ என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதில்: சொல்லவே வேண்டாம், இந்த வாதமும் அதைச் சொல்லவில்லை. நம்பாதவருக்கு அறிவு இல்லை என்பது அதன் கூற்று அன்று. இருக்கிற அறிவுக்கு அவருடைய உலகநோக்கில் கணக்குக் காட்ட முடியாது என்பதே கூற்று. எல்லா மனிதரும் தேவனை ஏதோ ஒரு வகையில் அறிந்தே இருக்கிறார்கள், ஆனால் அந்த அறிவை அடக்கிவைக்கிறார்கள் என்று ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் எழுதுவதை வான் டில் அடித்தளமாகக் கொள்கிறார். ஆகவே உங்கள் நண்பரின் கணிதம் சரியாக இருப்பது வான் டிலுக்கு வியப்பளிக்காது. நம்பாதவருக்கும் கிடைக்கும் தேவனுடைய பொதுக் கிருபை என்று அவருடைய மரபில் அதற்கு ஒரு பெயரும் உண்டு.

இலக்கண நூலைக் கண்ணால் பாராத குழந்தை ‘மரத்தை’ என்று சரியாகச் சொல்கிறது, ‘மரமை’ என்று சொல்வதில்லை. விதி தெரியாமலே விதிப்படி பேசுகிறது. அறிவைப் பயன்படுத்துவது வேறு, அதற்கு விளக்கம் தருவது வேறு என்பதற்கு இது நல்ல உவமை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு நாத்திக நண்பர் அதை அழகாகத் திருப்பிவிட்டார். “இலக்கணம் பேச்சுக்கு அடித்தளமில்லையே, பேச்சு முதலில் வந்தது, இலக்கணம் அதைப் பார்த்து எழுதப்பட்டது. அதுபோலத் தருக்கம் தன் காலில் நிற்கிறது, அதற்கு விளக்கம் தேடுவதுதான் பின்னால் வரும் வேலை என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள்?” என்றார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. விளக்கம் இல்லாமலே ஒன்று தன்னளவில் நிற்கலாம் என்பதை எதற்காக ஏற்கக்கூடாது என்று காட்டும் பொறுப்பு நம்முடையது என்பதை அன்று உணர்ந்தேன்.

கேள்வி: கடவுள் இல்லை என்றால் கொலையும் களவும் ஏன் தவறு என்று கேட்டால் நாத்திகர்கள் திணறுகிறார்கள் என்பது உண்மையா? அறத்துக்குக் கடவுள் கட்டாயம் தேவையா?

பதில்: முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுவோம். கடவுளை நம்பாதவர் நல்லவராக வாழ முடியுமா என்பது கேள்வியே அன்று. முடியும், பலர் வாழ்கிறார்கள். நியாயப்பிரமாணம், அதாவது மோசே வழியாக வந்த சட்டம், இல்லாத மக்களும் அதன்படி நடக்கிறார்கள், அது அவர்கள் இருதயங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று ரோமர் இரண்டாம் அதிகாரமே சொல்கிறது. ‘தவறு’ என்ற சொல்லுக்குப் பின்னால் நம் விருப்பு வெறுப்பைத் தாண்டிய ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அது எத்தகையது என்பதே கேள்வி.

இங்கும் ஹ்யூம் குறுக்கே நிற்கிறார். ‘இருக்கிறது’ என்ற வாக்கியங்களை எத்தனை அடுக்கினாலும் அவற்றிலிருந்து ‘வேண்டும்’ என்ற வாக்கியம் தானாகப் பிறக்காது. கூடி வாழ்ந்த இனங்கள் பிழைத்தன, ஆகவே நமக்கு இரக்கம் தோன்றியது என்று பரிணாமம் சொல்லலாம். இரக்கம் தோன்றிய கதையாக அது சிறந்தது. ஆனால் இரக்கம் காட்ட மறுப்பவனிடம் ‘நீ காட்டியே ஆக வேண்டும்’ என்று சொல்லும் அதிகாரம் அந்தக் கதையிலிருந்து கிடைக்காது. நாத்திகரான மெய்யியலாளர் ஜே. எல். மேக்கி 1977இல் நேர்மையாக இந்த முடிவுக்கே வந்தார்: நம்மைக் கட்டுப்படுத்தும் புறநிலை அறவிழுமியங்கள் இருந்தால் அவை உலகிலுள்ள வேறெதைப் போலவும் இல்லாத விசித்திரப் பொருள்களாக இருக்க வேண்டும், ஆகவே அவை இல்லை என்றார். ஒரு நாத்திகர் வாயிலிருந்து முன்னனுமானவாதிகள் கேட்க விரும்புவது இதைத்தான்.

எனினும் கடவுளைக் கொண்டுவந்தவுடன் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் யூதிஃப்ரோவிடம் கேட்ட கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. புனிதமானது தெய்வங்கள் விரும்புவதால் புனிதமா, அல்லது புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா? முதலாவது என்றால், நாளை கொடுமையைக் கட்டளையிட்டால் கொடுமையே அறமாகிவிடும். இரண்டாவது என்றால், அறம் தெய்வத்துக்கு முன்பே தனியாக நிற்கிறது, அதற்குத் தெய்வம் தேவையில்லை. கிறிஸ்தவர்களின் வழக்கமான பதில் இவ்விரண்டுக்கும் நடுவே செல்வது: நன்மை என்பது கடவுளின் விருப்பமும் அன்று, அவருக்கு வெளியிலுள்ள சட்டமும் அன்று, அவருடைய மாறாத இயல்பே நன்மை. கட்டளைகள் அந்த இயல்பிலிருந்து வருகின்றன. நல்ல பதில்தான், ஆனால் விடாப்பிடியானவர் மறுபடி கேட்பார்: அவர் இயல்பு என்பதால் இரக்கம் நல்லதா, இரக்கம் நல்லது என்பதால் அந்த இயல்பை நல்லது என்கிறோமா? கேள்வி ஒரு படி மேலே ஏறி அமர்ந்துகொள்கிறது.

எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஒரு சாரார் ‘காரணமின்றித் துன்புறுத்துவது தவறு’ என்ற உண்மையிலேயே நிறுத்திக்கொண்டு, அது எண்களைப் பற்றிய உண்மைபோல யாரையும் சாராமல் நிற்கிறது என்பார்கள். கடவுள் மறுப்பாளர்களிலும் இப்படி நிற்கும் மெய்யியலாளர்கள் உண்டு என்பதை மேடைப் பேச்சாளர்கள் சொல்வதே இல்லை. நான் கடவுளிடத்தில் நிறுத்திக்கொள்கிறேன், அதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறேன். தமிழில் கடன் என்ற சொல் திருப்பித் தரவேண்டியதையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். கடன் என்றால் யாருக்கோ பட்ட கடனாக அல்லவா இருக்க வேண்டும்? எண்ணுக்கோ கருத்துக்கோ எவரும் கடன்படுவதில்லை. தவறு செய்துவிட்டவருக்கு எழும் குற்ற உணர்வு, ஒரு விதி மீறப்பட்டதைவிட ஒருவர் முகத்தில் விழிக்க முடியாததையே அதிகம் ஒத்திருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்ட மனிதருக்கே அந்தக் கடன் பட்டிருக்கிறேன், அவருக்கு மேல் இன்னொருவர் எதற்கு என்று கேட்பவரும் இருக்கிறார். சொல்லின் உறவு நிரூபணம் ஆகாது. அறத்தைப் பொறுத்தவரை கிறிஸ்தவ விளக்கம் மற்றவற்றைவிட நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்ல எனக்குத் துணிவு உண்டு. மற்றவை சாத்தியமே இல்லை என்று சொல்லத் துணிவில்லை.

கேள்வி: இதே வாதத்தை ஓர் இஸ்லாமியரோ சைவ சித்தாந்தியோ தம் இறைவனை வைத்துச் சொன்னால் என்ன செய்வது?

பதில்: இந்த வழியின் மிக மெலிந்த இடத்தில் விரலை வைத்துவிட்டீர்கள். வான் டிலின் பதில் திரித்துவத்தைச் சார்ந்தது. உலகில் ஒருமையும் உண்டு, பன்மையும் உண்டு. தனித்தனிப் பொருள்கள் பொது விதிகளுக்குள் அடங்குகின்றன. கடவுளிடத்திலேயே ஒருமையும் பன்மையும் சமமாக, ஒன்றுக்கொன்று முந்தாமல் இருக்குமென்றால் மட்டுமே இது விளங்கும் என்றார். சிந்தனைக்கு விருந்தான கருத்து. ஆனால் ஒருமை பன்மைச் சிக்கலுக்குச் சித்தாந்தமும் தனக்கே உரிய விடையை வைத்திருக்கிறது. அதை முழுமையாகக் கற்று, அதன் சொற்களிலேயே எடைபோட்டு, அது எங்கே உடைகிறது என்று காட்டாதவரை ‘எங்களுடையது மட்டுமே’ என்பது உறுதிமொழியாக மட்டுமே நிற்கும். இனி பிறக்கப்போகும் கொள்கைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் அப்படிச் சோதித்து முடிப்பது யாராலும் ஆகாது.

இன்னோர் இடைவெளியும் உண்டு. கான்ட் வழிவந்த இத்தகைய வாதங்கள், ஒன்றை நாம் நம்பியாக வேண்டும் என்பதைத்தான் அதிகபட்சம் காட்டும், அது உண்மை என்பதைக் காட்டாது என்று மெய்யியலாளர் பாரி ஸ்ட்ரவுட் 1968இல் வெளியான ஒரு கட்டுரையில் வாதிட்டார். விலக்க முடியாத நம்பிக்கைக்கும் உண்மைக்கும் இடையே உள்ள இந்த அகழியைத் தாண்ட முன்னனுமானவாதிகள் பல பாலங்களைக் கட்டியிருக்கிறார்கள். எதுவும் எல்லோர் பாரத்தையும் தாங்கியதாக நான் கருதவில்லை.

கேள்வி: பான்சன் என்பவர் ஒரு நாத்திகரை இந்த வாதத்தால் தோற்கடித்ததாகச் சொல்கிறார்களே?

பதில்: வான் டிலின் வழியில் வந்த கிரெக் பான்சன், 1985இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் கார்டன் ஸ்டைனோடு நடத்திய விவாதம் அது. ஸ்டைன் பழைய வாதங்களுக்கான மறுப்புகளோடு வந்தார். பான்சன் தருக்க விதிகளுக்கு உங்கள் உலகில் இடம் ஏது என்று கேட்டார். ஸ்டைன் அதை எதிர்பார்க்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஆயத்தமில்லாத ஒருவர் திணறினார் என்பது அந்த மாலைப்பொழுதைப் பற்றிய செய்தி. கேள்விக்கு விடையே இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

கேள்வி: விசுவாசத்தை விட்டு விலகிவிட்ட என் தம்பியிடம் இந்த வாதத்தைப் பயன்படுத்தலாமா? ஒருமுறை முயன்றேன், அவன் எழுந்து போய்விட்டான்.

பதில்: அவன் என்ன கேட்டான் என்று நீங்கள் எழுதவில்லை. துன்பத்தைப் பற்றியோ சபையில் கண்ட அநியாயத்தைப் பற்றியோ அவன் பேசியிருந்து, நீங்கள் ‘அநியாயம் என்று சொல்ல உனக்கு அளவுகோல் ஏது?’ என்று திருப்பியிருந்தால், எழுந்து போனதில் வியப்பில்லை. தருக்கப்படி அந்தக் கேள்வி செல்லும். ஆனால் காயத்தைக் காட்டியவனிடம் அளவுகோல் கேட்பது பதிலாகாது. தற்காப்பியலார் அனைவரும் மேற்கோள் காட்டும் பேதுருவின் முதல் நிருபம் 3:15, கேட்கிறவனுக்கு உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. அதே வசனத்தில் சாந்தமும் வணக்கமும் வருகின்றன.

நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தின் 4ஆம், 5ஆம் வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்று ஒன்று சொல்கிறது. கொடு என்று அடுத்தது சொல்கிறது. எதிராளியின் தளத்தில் நின்று சோதிப்பது, தன் தளத்தை விடாதிருப்பது என்ற இரட்டை முறைக்கு இவ்விரண்டையும் ஆதாரமாக பான்சன் எடுத்தாள்வார். நான் அவற்றை இன்னும் எளிமையாகவே படிக்கிறேன்: எப்போது பேசுவது, எப்போது பேசாதிருப்பது என்பதற்குச் சூத்திரம் இல்லை, ஆளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் தம்பி மூடனும் அல்லன். அவன் அன்று கேட்டது என்ன என்று அவனிடமே ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.